அவிழ்ப்பது, கழற்றுவது, பிடுங்குவது

எம்பெக்கே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, மற்போர் செய்யும் வீரர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று மரத்தில் இத்தனை நுணுக்கமான வேலையை ஒரே கூரையின் கீழ் காண்பது அரிது. கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பிலிமத்தலாவை வரை வந்து தவுலகலைப் பக்கம் திரும்பினால், உடுநுவரை வயல்களைத் தாண்டி இந்தக் கோயில் வரும். கம்பளையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது (1357–1374). கதிர்காமத் தெய்வத்துக்கு உரியது என்பதால் கண்டித் தமிழருக்கும் அந்நியமான இடம் அல்ல.

தூணை விட்டுத் தலையை நிமிர்த்தினால் மேளமண்டபக் கூரையில் வேறொரு வேலைப்பாடு தெரியும். நம்மை நோக்கிச் சரிந்து இறங்கும் 26 கைமரங்களும் உச்சியில் ஒரே இடத்தில் கூடுகின்றன. கூடுகிற இடத்தில் அவற்றை ஒரே ஒரு பெரிய மர முளை பிடித்து நிறுத்தியிருக்கிறது. சிங்களத்தில் இதற்கு ‘மடொல் குருபாவ’ என்று பெயர். இதைப் போன்ற இன்னொன்று நாட்டில் வேறெங்கும் இல்லை என்பார்கள்.

அந்த முளை கைமரங்களை என்ன செய்திருக்கிறது என்று தமிழில் ஒரே வினைச்சொல்லில் சொல்லப் பார்த்தால் தடுமாற்றம் வருகிறது. கட்டியிருக்கிறது என்றால் கயிறு எங்கே என்று கேட்பார்கள். அறைந்திருக்கிறது என்றால் சுத்தியலும் இரும்பாணியும் கண்முன் வரும். கோர்த்திருக்கிறது என்றால் பாதி சரி, ஆனால் பாரம் தாங்குகிற உறுதி அந்தச் சொல்லில் இல்லை. செருகியிருக்கிறது என்பது முளைக்குப் பொருந்தும், கைமரங்களுக்குப் பொருந்தாது. பூட்டியிருக்கிறது என்பதே கிட்டத்தட்ட வந்து நிற்கிறது. எழுத்தில் ‘பிணைத்திருக்கிறது’ என்று எழுதித் தப்பிவிடலாம். ஆனால் எழுத்துக்கு வெளியே, வேலை செய்கிற எவரும் ‘இதைப் பிணை’ என்று உதவியாளிடம் சொல்வதில்லை.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் சொல் வறுமை அல்ல. ஒன்றோடொன்றைச் சேர்க்கும் செயலைத் தமிழ் அன்றாடப் பேச்சில் பொதுவாகப் பெயரிடுவதே இல்லை. சேர்ந்ததைத் தாங்குவது எது என்று பார்த்துத்தான் வினையைத் தேர்கிறது. கயிறோ துணியோ சுற்றி இறுக்கினால் கட்டு. ஊசி நூலோடு ஊடுருவினால் தை. அடியின் வேகம் உள்ளே இறக்கினால் அறை, அடி. துளை வழியே இழை ஓடினால் கோர். இழையோடு இழை மாறி மாறிப் போனால் பின்னு. ஒன்றின் வடிவம் மற்றதன் வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் பூட்டு, மாட்டு, கொழுவு. பசை பிடித்தால் ஒட்டு. பூ வேலையை மட்டும் எடுத்தாலே, நாரில் முடிச்சிட்டு வைத்தால் கட்டுவதும் தொடுப்பதும், ஊசியால் நூலேற்றினால் கோர்ப்பது, கொண்டையில் நிற்கவைத்தால் செருகுவது, கூந்தலில் வைத்துச் சுற்றினால் சூடுவது. பூவும் அதுதான், கையும் அதுதான். பிடித்து நிற்கிற வழி மாறியதும் சொல்லும் மாறிவிடுகிறது.

எந்தச் சொல் எந்த வகை என்று ஐயம் வந்தால் அகராதியைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. சேர்த்ததைப் பிரிக்க என்ன வினை சொல்கிறோம் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். கட்டியதை அவிழ்க்கிறோம். மாட்டியதைக் கழற்றுகிறோம். பூட்டியதைத் திறக்கிறோம், அல்லது கழற்றுகிறோம். தைத்ததைப் பிரிக்கிறோம். வேய்ந்த கிடுகுக் கூரையையும் பிரிக்கத்தான் செய்கிறோம், ஏனென்றால் அதுவும் ஒருவகைத் தையல். செருகியதையும் கோர்த்ததையும் உருவுகிறோம்: உறைக்குள்ளிருந்து கத்தி, மணிகளுக்கிடையிலிருந்து நூல். அறைந்த ஆணியைப் பிடுங்குகிறோம், வேரையும் பல்லையும் பிடுங்குவது போலவே. ஒட்டியதைப் பெயர்க்கிறோம் அல்லது உரிக்கிறோம்.

சேர்க்கும் சொற்கள் காட்டாத ஒரு வேறுபாடு பிரிக்கும் சொற்களில் வெளிப்படையாக நிற்கிறது. அவிழ்த்தாலும் கழற்றினாலும் உருவினாலும் இரண்டு பொருள்களும் பழுதில்லாமல் மிஞ்சும். பிடுங்கினாலும் பெயர்த்தாலும் உரித்தாலும் ஒன்றுக்காவது சேதம். சேர்க்கிறபோதே, பின்னொரு நாள் பிரிக்க வேண்டிவருமா என்ற கேள்விக்குத் தமிழ் விடை சொல்லி வைத்திருக்கிறது.

எம்பெக்கே முளையை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் அது பிடுங்கும் வகை அல்ல, உருவும் வகை. இது வெறும் சொல் விளையாட்டு அல்ல என்பதற்கு அந்த மண்டபத்தைப் பற்றிய செவிவழிச் செய்தி ஒன்று துணைநிற்கிறது. மேளமண்டபத்து மரங்களில் ஒரு பகுதி, கம்பளையில் கைவிடப்பட்ட அரச சபா மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டதாகச் சொல்வார்கள். அது உண்மையோ இல்லையோ, முளையும் துளையுமாகச் செய்த கூரையைப் பற்றித்தான் அப்படி ஒரு கதை பிறக்க முடியும். இரும்பாணி அறைந்த மரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் வேறிடத்தில் அதே வடிவில் நிறுத்துவது கடினம். ஆணி வந்த வழியே போகாது, மரத்தைப் பிளந்துகொண்டு போகும்.

தமிழிலக்கணம் தன்வினை, பிறவினை என்று பிரிப்பதையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். இணைந்தது – இணைத்தேன், சேர்ந்தது – சேர்த்தேன், பிணைந்தது – பிணைத்தேன், பொருந்தியது – பொருத்தினேன். இவற்றுக்கெல்லாம் இணை உண்டு. செய்பவர் இல்லாமலே நிகழ்ந்ததாகச் சொல்ல முடியும். கட்டு, அறை, கோர் ஆகியவற்றுக்கு அப்படி ஓர் இணை இல்லை. கயிறு தானாகக் கட்டாது. ‘முள் தைத்தது’ என்பதில் தை என்ற சொல் தனியே நிற்கிறது, ஆனால் அது குத்தியதைச் சொல்கிறதே தவிர இரண்டு துணி ஒன்றானதைச் சொல்லவில்லை. ஆக, விளைவை மட்டும் சொல்லும் வினைகள் இரட்டையாக வருகின்றன. கருவியையும் கையையும் உள்ளே வைத்திருக்கும் வினைகள் ஒற்றையாக நிற்கின்றன. மார்ட்டின் ஹஸ்பெல்மாத் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1993-இல் 21 மொழிகளில் 31 வினை இணைகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. செய்பவரின் கருவியோ முறையோ பொருளுக்குள் அடங்கிய வினைக்குத் தானாக நிகழும் வடிவம் வருவதில்லை என்பது அதில் உள்ள ஒரு கருத்து. தமிழ் அதற்கு நல்ல சாட்சி.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ‘கதவு தானாகப் பூட்டிக்கொண்டது’ என்று இன்று தயங்காமல் சொல்கிறோம். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுகள் வந்ததால் அந்த வாக்கியத்துக்கும் வேலை வந்துவிட்டது. முடி என்ற வினை இன்னும் விசித்திரம். ‘காசை முந்தானையில் முடிந்து வைத்தாள்’ என்பதில் முடிந்து என்பது செயப்படுபொருள் கொள்கிறது. ‘வேலை முடிந்தது’ என்பதில் கொள்ளவில்லை. உருவம் ஒன்றேதான்.

மற்ற மொழிகள் இந்த இடத்தை எப்படி வெட்டுகின்றன என்பது உளவியலாளர்களுக்குப் பெரிய ஆய்வுப்பொருள். மெலிசா பவர்மனும் சூன்ஜா சோயும் 1991-இல் ஆங்கிலக் குழந்தைகளையும் கொரியக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஆங்கிலம் உள்ளே, மேலே என்று இடத்தைப் பார்த்துப் பிரிக்கும். கொரிய மொழி இறுக்கத்தைப் பார்க்கும். விரலில் மோதிரம் ஏறுவதும், பேனாவில் மூடி ஏறுவதும், இறுக்கமான உறைக்குள் புத்தகம் நுழைவதும் கொரியனுக்கு ஒரே வினை. அது நம் காதில் ‘கிடா’ என்று விழும், எருமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூசன் ஹெஸ்பொஸும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு செய்தி வந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஐந்து மாதக் குழந்தைகளும் இறுக்கம், தளர்வு என்ற வேறுபாட்டைக் கவனிக்கின்றன. வளர்ந்த பிறகு அவர்களுடைய மொழி அதைக் கேட்பதில்லை.

தமிழ் ஆங்கிலத்தோடும் சேராது, கொரியத்தோடும் சேராது. மோதிரத்தைப் போடுகிறோம், மூடியை மூடுகிறோம், புத்தகத்தைச் செருகுகிறோம். இறுக்கம் நமக்கு வினையில் இல்லை, அதைச் ‘சிக்கென’, ‘இறுக்கி’, ‘கப்பென்று’ என்று பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்.

கண்டிக்குத் திரும்பினால், இங்கே கட்டிடக் கலைஞர்கள் ஒரே மொழியில் வேலை செய்ததாக எண்ண இடமில்லை. எம்பெக்கேக்கு அருகிலேயே இருக்கும் கடலாதெனிய விகாரை 1344-இல் எழுந்தது. அதைச் செய்த தலைமைக் கலைஞரின் பெயர் கணேசுவராசாரி, தென்னிந்தியர். அதே ஆண்டில் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் எழுந்த லங்காதிலக விகாரையைச் செய்தவர் ஸ்தபதிராயர். அங்குள்ள பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. எம்பெக்கே மர வேலையை மரபு தெல்மட மூலாசாரி என்பவருக்கு உரியதாக்குகிறது. பெயரின் ஈற்றில் இருக்கும் ‘ஆசாரி’யைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை, நம் ஊர்த் தச்சரும் கொல்லரும் ஆசாரிதான்.

ஆணி என்ற சொல்லும் இப்படிப் பல வீட்டுப் பிள்ளை. தமிழில் ஆணி, பாளியிலும் சமஸ்கிருதத்திலும் ஆணி, சிங்களத்தில் ‘எணய’. ரிக்வேதத்தில் அது தேர்ச் சக்கரம் கழன்றுவிடாமல் அச்சில் செருகும் முளையைக் குறிக்கிறது. நாம் அச்சாணி, கடையாணி என்று சொல்வதும் அந்த முளையைத்தான். எனவே ஆணி பிறந்தபோது அடிபடுகிற பொருளாக இல்லை, உருவக்கூடிய முளையாகவே இருந்தது என்று கொள்ளலாம். மடொல் குருபாவவை மர ஆணி என்று சொல்வதில் பிழையில்லை, இரும்பாணிதான் பின்னால் வந்து பெயரைத் தனதாக்கிக்கொண்டது.

கண்டி வட்டாரத்துக் கைவினைஞர்களின் முறைகளை ஊன்றிப் பார்த்து எழுதியவர்களில் முதலிடம் ஆனந்த குமாரசுவாமிக்கு. சர் முத்து குமாரசுவாமியின் மகன். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள அளவைத் துறையின் தலைவராகப் பாறை பார்க்க வந்தவர், கைவினைஞர்களைப் பார்க்கத் தொடங்கினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908-இல் வந்தது. வில்லியம் மொரிஸின் அச்சுப்பொறியில் கையால் அச்சிட்டது. தச்சு, கொல்லு, நெசவு, தந்த வேலை என்று ஒவ்வொரு தொழிலையும் கருவியிலிருந்து தொடங்கிச் சொல்லும் நூல் அது.

சிங்களம் சேர்க்கும் செயலைத் தமிழ் போல அத்தனை துண்டாக்குவதில்லை. முடிச்சுக்கும் ஆணிக்கும் ஒரே துணைவினை வருகிறது: கெட்ட கஹனவா, எண கஹனவா. கஹனவா என்றால் அடிப்பது. முடிச்சை ‘அடிக்கிறார்கள்’ என்பது நமக்கு விநோதமாகத் தோன்றலாம், ஆனால் நாமும் முடிச்சை, பூட்டை, பொத்தானை, தையலை எல்லாம் ‘போடு’கிறவர்கள்தான். பிரிக்கிற பக்கத்தில் சிங்களத்துக்கு லெஹனவா முடிச்சுக்கு, கலவனவா மற்ற அநேகத்துக்கும். சட்டையும் கலவனவா, ஆணியும் கலவனவா. நாம் கழற்று, பிடுங்கு என்று பிரித்துவைத்த இரண்டும் அங்கே ஒன்று.

ஆனால் கட்டு என்ற சொல்லில் இரு மொழிகளும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றன. இலங்கைத் தமிழர் கலியாணம் கட்டுகிறார்கள், சிங்களவர் ‘கசாத பந்தினவா’. தமிழர் குளம் கட்டுவார்கள், சிங்கள அரசர்கள் வாவி ‘பெந்தி’ ராசாக்கள். மண்ணைக் குவித்து நீரை நிறுத்துவதில் கயிறே இல்லை, ஆனாலும் இரண்டு மொழிகளிலும் அது கட்டுதல்தான். மாளிகைக்கு முன்னே ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் கட்டிய வாவியைச் சுற்றி நடப்பவர்கள் இரு மொழியிலும் ஒரே வினையின் மேல்தான் நடக்கிறார்கள். காப்பு நூலைக் கையில் கட்டுவதும் பிரித் நூலைக் கையில் கட்டுவதும் இந்த ஊரில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கிற காரியங்கள்.

போர்த்துக்கேயர் கண்டியைப் பிடிக்கவில்லை, ஆனால் அவர்களுடைய கதவு, சட்டைச் சொற்கள் மலை ஏறிவிட்டன. பொத்தான் அவர்கள் சொல், சிங்களத்தில் ‘பொத்தம’. குண்டூசிக்குச் சிங்களத்தில் ‘அல்பெனெத்தி’, அதுவும் அவர்கள் தந்தது. கதவை உள்ளிருந்து அடைக்கும் குறுக்குத்தண்டை இலங்கைத் தமிழில் திறாங்கு என்பது ‘திறாங்கா’விலிருந்து. சாவியும் போர்த்துக்கேயச் சொல். அதைத் தமிழ்நாடு வைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தார் ‘திறப்பு’ என்கிறார்கள். பூட்டும் கருவிக்குத் திறக்கும் செயலால் பெயர்: பிரிக்கும் வினையைப் பார்த்துச் சேர்க்கும் வினையை அறிவது என்ற நம் சோதனையை யாழ்ப்பாணம் எப்போதோ செய்து முடித்துவிட்டது. மலையகத்தார் பெரும்பாலும் சாவி என்பார்கள். கண்டி நகரத்தில் இரண்டும் காதில் விழும்.

பூட்டு இன்னும் தூரம் போயிருக்கிறது. அதன் பழைய வீடு எருதின் கழுத்து: ஏர் பூட்டுவது, வண்டி பூட்டுவது. அங்கிருந்து நகை பூட்டுவது, விலங்கு பூட்டுவது, கதவு பூட்டுவது. இலங்கைத் தமிழில் இன்று மின்விசிறி பூட்டுகிறார்கள், குழாய் பூட்டுகிறார்கள், புதுச் சில்லுப் பூட்டுகிறார்கள். தமிழ்நாட்டார் மாட்டுவார்கள். மாட்டு என்பது தொங்கவிடுவதிலிருந்து வந்தது, பூட்டு என்பது பாரத்தை இழுக்கவைப்பதிலிருந்து. வேலை செய்யப்போகிற பொருளுக்குப் பூட்டுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

தோட்டங்களின் பேச்சில் கட்டு என்ற சொல்லுக்கு வேறொரு பாரம் இருக்கிறது. ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகிற பெண் இடுப்பில் படங்கு கட்டுகிறாள், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுகிறாள். பின்னேரம் ஒன்றை அவிழ்க்கிறாள், மற்றதைக் கழற்றுகிறாள். இவை அன்றன்றைக்குப் பிரிகிற இணைப்புகள். பிரியாத ஒன்று கங்காணியின் பேரேட்டில் இருந்தது. வழிச்செலவும் முற்பணமும் கடனாக ஏறி நிற்க, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துரையிடம் ‘துண்டு’ வாங்கவேண்டும். இன்ன தொகை கட்டினால் இத்தனை பேரை விட்டுவிடுகிறேன் என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும், கட்டியதும் அது புதிய இடத்துக் கடனாகிவிடும். கட்டு என்ற சொல்லுக்குத் தமிழில் பணம் செலுத்துவது என்ற பொருளும் இருப்பதால், கட்டிலிருந்து வெளியேறுவதையும் கட்டுவது என்றே சொல்ல நேர்ந்தது. துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அவிழ்க்கவோ கழற்றவோ வழி வைக்காத இணைப்பைச் சட்டத்தால்தான் வெட்ட முடிந்தது.

பேச்சையும் எழுத்தையும் பற்றித் தமிழர் சிந்தித்தபோதும் கைவேலைச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். செய்யுள் செய்வது யாப்பு, அதாவது கட்டுதல். சீரோடு சீர் சேர்வது தளை, விலங்குக்கும் அதே பெயர். அடியோடு அடி ஓசையால் சேர்வது தொடை, பூத் தொடுப்பதன் உறவு. ஓசை இடறினால் தளை தட்டுகிறது என்கிறோம். சொல்லோடு சொல் சேர்வது புணர்ச்சி. தொல்காப்பியத்தில் அதற்குப் புணரியல் என்று தனி இயலே உண்டு. புணர்ச்சியில் நேரும் மாற்றங்களை நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக்குகிறது. மரப் பொருத்துச் செய்பவர் கையில் இருப்பதும் இந்த மூன்றே: இடைவெளிக்கு ஆப்பு வைப்பது, நுனியைச் சீவி வடிவம் மாற்றுவது, மிஞ்சியதை உளியால் எடுத்துவிடுவது.

இந்தச் சொற்களையும் நம் சோதனைக்கு உட்படுத்தலாம். யாத்தது கட்டு என்றால் பிரிக்கும்போது அவிழ்க்க வேண்டும். நாம் அப்படிச் சொல்வதில்லை. சீர் பிரிக்கிறோம், பதம் பிரிக்கிறோம். பெயரில் கயிற்று வேலையாக இருக்கும் செய்யுளைப் பிரிக்கும் வேளையில் தையலாக நடத்துகிறோம். தையலைப் பிரிப்பவர் நூலை மட்டும் வெட்டுகிறார், துணியில் கை வைப்பதில்லை. பதம் பிரிப்பவரும் புணர்ச்சியில் தோன்றியதை விலக்கி, கெட்டதை மீட்டுச் சொல்லைப் பழைய உருவில் நிறுத்துகிறார்.

ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்தால் இது கண்ணுக்கே தெரியும். கண்டிப் பக்கத்து விகாரைகளும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் இன்றும் காத்துவரும் சிங்கள ஓலைகளுக்கும், தமிழ்ச் சுவடிகளுக்கும் பொதுவான அமைப்பு ஒன்றுதான். மேலும் கீழும் சட்டப் பலகை, ஓலைகளில் துளை, துளை வழியே கயிறு. தமிழ் மரபில் இரண்டு துளைகளில் ஒன்றில் கயிறு ஓடும், மற்றதில் ஓலை அசையாதிருக்க நாராசம் என்ற கம்பி நிற்கும். கயிறு நழுவாதபடி அதன் நுனியில் ஓலைத் துண்டு ஒன்றை வெட்டிக் கோர்ப்பார்கள், அதற்குக் கிளிமூக்கு என்று பெயர். உள்ளே சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. அதனால் சுவடி படிக்கிறவர் முதலில் கட்டை அவிழ்க்கிறார், பிறகு நாராசத்தை உருவுகிறார், அதன் பிறகே பதம் பிரிக்க உட்காருகிறார்.